தாம்பூலத்தில் வந்த பந்துக் காசு

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் அம்மன் படத்துக்கு அடியில் ஒரு வெள்ளைக் கவர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் என் மனைவி படத்தைத் துடைக்கும்போது அதையும் எடுத்துத் தூசி தட்டி, திரும்ப அங்கேயே வைக்கிறாள். உள்ளே இருப்பதை நாங்கள் செலவு செய்யவில்லை. கோவில் உண்டியலிலும் போடவில்லை. அம்மனுக்குக் காணிக்கை போடுவதென்றால் அது என் காசாக இருக்க வேண்டும். இது நான் கொடுத்துவிட்ட காசு. மனசாரக் கொடுத்த பிறகு அது எப்படி என்னுடையதாகும்?

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். துறைமுகத்தில் கப்பலேறும் கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலை. திருவொற்றியூரில் கடலுக்கும் எண்ணூர் சாலைக்கும் நடுவில் எங்கள் தெரு. ஒரு முனையில் அம்மன் கோவில், மறு முனையில் கிரவுண்டு. எங்களுக்கென்று ஒரு ஃபுட்பால் டீம். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் கிரிக்கெட் பேசினவனுக்கு டீக்கடையில் மரியாதை கிடையாது.

அந்த டீமுக்கு நாங்கள் கொடுப்பதற்குப் பெயர் பந்துக் காசு. சம்பளக்காரன் சம்பளத்தில் கொடுப்பான், மீன் விற்கும் அம்மா கூடை காலியானதும் கொடுப்பாள். ஒவ்வொரு சீசனுக்கும் அந்தக் காசில் முதலில் வாங்குவது ஒரு புதுப் பந்து. அதை அம்மன் காலடியில் வைத்துப் பூசாரி குங்குமம் பூசிக் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் விசேஷம். பந்தை யாரும் எடுத்துக்கொண்டு நடக்கக் கூடாது. கோவில் வாசலில் இருந்து கிரவுண்டு வரை பந்துக் காசு கொடுத்தவர்கள் எல்லோரும் வரிசையாக நிற்போம். பந்து கை மாறி கை மாறிப் போகும். மீன்காரம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்குவாள். அடுத்த தெருவில் இருந்து மாதா கோவில்காரர்கள் வந்து நின்று, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். நான் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். கடைசியில் ரெஃபரி கைக்குப் போய்ச் சேரும். முதல் பாதி முடிவதற்குள் எங்கள் கோல்கீப்பர் கையெல்லாம் குங்குமச் சிவப்பாக இருக்கும்.

அந்தக் கோல்கீப்பர் என் தோஸ்து. ஒன்றாம் வகுப்பில் இருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள் நாங்கள். விளையாட்டு நின்ற பிறகும் வீடு வீடாகப் போய்ப் பந்துக் காசு வாங்குவது அவன்தான்.

கணக்கையும் சொல்ல வேண்டும். ஆடி மாதம் கூழ் ஊற்றிய அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் மைக் வைத்துத் திருவிழாக் கணக்குப் படிப்பார்கள். அண்டா வாடகை, கேழ்வரகு, மேளம். அது முடிந்ததும் அதே மைக்கில் டீம் கணக்கு. வலை, பூட்ஸ், வேன் வாடகை. யாராவது ஒருவர் எழுந்து, "வலைக்கு இவ்ளோவா? இன்னா, தங்கத்துல பின்னிக் குடுத்தானா?" என்பார். எல்லோரும் சிரிப்போம். நம்பிக்கை இல்லாமல் கேட்பதல்ல அது. கொடுத்தவனுக்குக் காதால் கேட்பதில் ஒரு நிறைவு, அவ்வளவுதான்.

பெரிய லீகில் ஆட வேண்டுமென்றால் கட்ட வேண்டிய தொகை எங்கள் சக்திக்கு மேலே போனது. அப்போது வந்தவர்தான் ஓனர். டிரெய்லர் லாரிகள் வைத்திருப்பவர். பணம் கட்டினார், டீமும் கிரவுண்டு குத்தகையும் அவர் பெயருக்கு மாறியது. ரோஜா மாலை போட்டோம். அதே மைக்கில், "நான் பேருக்குத்தான் ஓனர். டீம் உங்களுது" என்றார். மீன்காரம்மா அழுதேவிட்டாள். நானும்தான்.

அவர் நல்லது செய்யவில்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். புது பூட்ஸ் வந்தது, விளக்கு வந்தது, சம்பளத்துக்குக் கோச் வந்தார். நாங்களும் பந்துக் காசை நிறுத்தவில்லை, முன்பைவிடக் கூடுதலாகக் கொடுத்தோம். கோவிலுக்கு வசதியான தர்மகர்த்தா வந்துவிட்டார் என்று உண்டியலில் போடுவதை யாராவது நிறுத்துவார்களா? போனஸ் வந்தால் முதல் பங்கு டீமுக்கு என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம்.

ஆனால் ஓனர் வந்த பிறகு டீம் கணக்கு மட்டும் மைக்குக்கு வரவில்லை. ஒரு வருஷம் ஆடிட்டரிடம் இருக்கிறது என்றார்கள். அடுத்த வருஷம் மழை. அதற்குள் கிரவுண்டின் ஒரு பக்கம் டிரெய்லர்கள் வந்து நிற்க ஆரம்பித்தன. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் சரியாக வரவில்லை என்று பேச்சு. கிரவுண்டே கண்டெய்னர் யார்டாகப் போகிறது, டீமை வெளியூருக்கு விற்கப்போகிறார்கள் என்றும் பேச்சு.

என் தோஸ்து அப்போது ஓனரிடம் மேனேஜர். டீக்கடையில் பிடித்துக் கேட்டேன்.

"மாமு, கிரவுண்டுல டிரெய்லரு இன்னாத்துக்கு நிக்குது?"

"ரோட்டுல ஜாம்பா. ரெண்டு நாளு நிக்கும், பூடும்."

"கோல் போஸ்ட்டுக்கு நேரா நிக்குதே, அத்தயும் டீம்ல சேத்துக்கினீங்களா? உன்னவிட நல்லா கீப்பிங் பண்ணும்போல கீது."

சிரித்தான். பிறகு கிளாஸைக் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனுக்கு இன்னா தெரியும் நைனா. நான் கேட் சாவி வெச்சிருக்கறவன். அவ்ளோதான்."

அந்த ஆடியில் கூழ்க் கணக்குப் படித்து முடித்ததும் நான் எழுந்தேன். மைக்கில் பேசிப் பழக்கமில்லை. அம்மனை ஒருமுறை நினைத்துக்கொண்டேன். ஓனர் முன் வரிசையில் சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, கோச்சிக்காதீங்க. கோயில் கணக்கு கேட்டாச்சி. டீம் கணக்கையும் சொல்லிட்டீங்கன்னா மனசு நெறஞ்சி வூட்டுக்குப் போவோம். கிரவுண்டு நம்புளுக்கு இருக்குமா, டீம் இங்கியே இருக்குமா, அத்தயும் சொல்லிடுங்க."

பின்னால் இருந்து, "ஆமாய்யா, சொல்லு!" என்று குரல்கள். ஓனர் சிரித்த முகமாகவே இருந்தார். "கேட்டுட்டீங்கல்ல? வூடு தேடி வரும்" என்றார். கை தட்டினோம். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்தது ஆடி வெள்ளி. நான் வேலை முடிந்து வந்தபோது என் மனைவி தலை நிறையப் பூ வைத்து, முகமெல்லாம் மலர்ந்திருந்தாள்.

"உங்க தோஸ்து வந்தாரு. ஓனரு வூட்டம்மாவும் கூட வந்தாங்கோ. தட்டுல வெத்தல பாக்கு, மஞ்ச, குங்குமம், ரவிக்கத் துணி. தெருவுல எல்லா வூட்டுக்கும் குடுத்தாங்கோ. அந்தம்மா எங்கையால குங்குமம் வெச்சிக்கினு போனாங்கோ."

"இந்தக் கவரு?"

"தட்டுலயே இருந்துச்சி. துணிக்குத் தையக் கூலி வெச்சிக் குடுத்துருக்காங்கோன்னு நெனச்சேன்."

பிரித்தேன். தையல் கூலி இல்லை. ஓனர் வந்த நாளில் இருந்து நான் கொடுத்த பந்துக் காசு. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'நன்றியுடன் திருப்பித் தரப்படுகிறது.'

அவள் பொட்டென்று உட்கார்ந்துவிட்டாள். "ஆடி வெள்ளியும் அதுவுமா தாம்பூலம் வந்தா வாணான்னு எப்டி சொல்லுவேன்?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். யார்தான் சொல்வார்கள்? எந்த வீட்டிலும் எவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும், சண்டை தீர்வதானாலும், பாகம் பிரிப்பதானாலும் தட்டை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. அது தெரிந்துதான் தட்டில் வைத்து அனுப்பியிருக்கிறார்.

எல்லோர் கவரிலும் தொகை சரியாக இருந்தது. அதுதான் என்னை அறுத்தது. எங்களுக்குப் படித்துக் காட்ட வராத கணக்கு, எங்களைக் கழித்துக் கட்ட மட்டும் பைசா பிசகாமல் வந்திருக்கிறது.

மறுநாள் கவர்களை எடுத்துக்கொண்டு கிரவுண்டு ஆபீசுக்குப் போனோம். வாசலில் என் தோஸ்து. என் முகத்தைப் பார்க்காமல், "வாங்கின தாம்பூலத்த யாராவது திருப்பிக் குடுப்பாங்களா மாமு? அம்மனுக்கே ஆவாது" என்றான். அவன் வாய்தான் சொன்னது. சொல்லிக் கொடுத்தது வேறு வாய்.

ஓனரே வெளியே வந்தார். கோபமெல்லாம் இல்லை.

"கணக்குதான கேட்டீங்க? இதான் கணக்கு. உங்க காசு உங்ககிட்ட வந்துடுச்சி. இனிமே நீங்க எனுக்குக் குடுத்ததும் இல்ல, நான் உங்களுக்கு சொல்ல வேண்டியதும் இல்ல."

"நாங்க காசத் திருப்பிக் கேக்கலய்யா" என்றேன்.

மீன்காரம்மா தன் கவரைத் தூக்கிக் காட்டினாள். "காசு வந்துடுச்சிய்யா, சரி. மழையில நின்னு தொண்ட கியிய கத்துனேனே, அத்த எந்தக் கவர்ல வெச்ச? என் கவர்ல காணோமே!"

யாரும் சிரிக்கவில்லை. ஓனர் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சீசனின் முதல் மேட்ச் நாள் வந்தது. கிரவுண்டைச் சுற்றித் தகரம் அடித்து, கேட்டில் டிக்கெட் என்று எழுதியிருந்தார்கள். இருந்தும் நாங்கள் போய்க் கோவில் வாசலில் இருந்து வரிசையாக நின்றோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கால் தானாகப் போய் நின்றது. என் மனைவி எனக்கு அடுத்து நின்றாள், அவளுக்கு அடுத்து மீன்காரம்மா. பூசாரி குங்குமத் தட்டோடு வாசலிலேயே காத்திருந்தார். கறுப்புக் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்ட கார் ஒன்று சாலைப் பக்கமாக வந்து வரிசைக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பின் சீட்டில் பிளாஸ்டிக் உறையோடு பந்து. விசில் சத்தம் கேட்கும் வரை நின்றோம். மீன்காரம்மா துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பூசாரி கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு நான் கிரவுண்டுப் பக்கம் போகவில்லை. டீம் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தது. அதுவும் ஒரு வேதனை. தோற்றிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

செமி ஃபைனல் அன்று மத்தியானம் என் தோஸ்து வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். என் மனைவி டீ போட உள்ளே போனாள். சட்டைப் பையில் இருந்து இரண்டு பாஸ் எடுத்து நீட்டினான்.

"வா மாமு. அண்ணியயும் இட்டுக்கினு வா. கேட்டாண்ட நான் கீறேன். உன்ன நான் உள்ள வுட்றேன்."

"நீ வுட்டு நான் உள்ள வர்றதா?"

கை அப்படியே நின்றது. பாஸைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். சாமி அலமாரியைப் பார்த்தான்.

"அந்தக் கவரா அது? இன்னும் தொடலயா?"

"இல்ல."

"எனுக்கும்தான் வந்துச்சி மாமு."

எனக்குப் புரியவில்லை. அவன் மேனேஜர் ஆயிற்றே.

"நானும்தான பந்துக் காசு குடுத்துக்கினு இருந்தேன்? உன்னாட்டமே மாசாமாசம். என் கவரும் அதே தட்டுல இருந்துச்சி. நானே எடுத்துக்கினு போயி எம்பொண்டாட்டி கையில குடுத்தேன்." டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "எனுக்குச் செலவாயிடுச்சி. கொயந்த ஃபீஸ் கட்டினேன்."

கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு, "நீ மைக்குல கேட்டியே, கிரவுண்டு இருக்குமான்னு" என்றான். "இல்ல மாமு. இன்னிக்கிதான் இங்க கடைசி ஆட்டம். நாளன்னிக்கி வலைய அவுக்கணும். டீமு வேற ஊருக்குப் போவுது. யாரும் உனுக்கு சொல்லமாட்டாங்கோ. நானாச்சும் சொல்லணும்னுதான் வந்தேன்."

நான் அவன் தோளைப் பிடித்தேன். கேட்டைத் திறக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போனான். குங்குமம் ஏறிச் சிவந்த அந்தக் கைகளில் இப்போது சாவிக்கொத்து.

கடைசி ஆட்டம். போயிருக்கலாம். நானே காசு கொடுத்து டிக்கெட் வாங்கியும் போயிருக்கலாம். கால் எழவில்லை. சொந்த வீட்டுக்குள் விருந்தாளியாகப் போய்விட்டு வர எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி வழக்கம்போல மேட்ச் நாள் விளக்கை ஏற்றினாள். எங்கள் டீம் கோல் போட்டால் ஒரு கற்பூரம் ஏற்றுவாள், கல்யாணமாகி வந்த வருஷத்தில் இருந்து அப்படி. இரண்டு பேரும் அம்மன் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். கிரவுண்டில் இருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு தகரமெல்லாம் அதிர்கிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். "கோலுதான? நமக்கா, அவங்களுக்கா?"

சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும். அதில் நான் தப்பியதே இல்லை.

"நமக்குதான்."

கற்பூரத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள். தீப்பெட்டி கையில் இருக்கிறது, கிழிக்கவில்லை.

"கொளுத்தட்டா?" என்று கேட்டாள்.

கற்பூரம் ஏற்ற அவள் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தேன்.