மடி நிறையப் பைகள்

எண்பதுகளின் கடைசியில், திருமுல்லைவாயிலில் ரயில் ஏறும் எனக்குப் பெண்கள் பெட்டியில் உட்கார இடமே கிடைக்காது. திருநின்றவூரிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வரும் ஓர் அக்கா, நிற்பவர்களின் பைகளைக் கேட்காமலே வாங்கி மடியில் அடுக்கிக்கொள்வார். சேலைமேல் நீலக் கோட்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. தன் வயர்கூடையை மட்டும் காலடியில் தள்ளிவிடுவார்.

ஒரு நாள் என் பையிலிருந்து சாம்பார் கசிந்து அவர் கோட்டெல்லாம் நனைந்துவிட்டது. நான் பதறினேன்.

"உடு கண்ணு," என்றார் துடைத்துக்கொண்டே. "புள்ளத்தாச்சியா இருந்தப்போ இதே வண்டில மயங்கி உழுந்துட்டேன். யாரோ ஒருத்தி மடில படுக்க வச்சிகினு வந்தா. நான் கண்ணத் தொறக்கறதுக்குள்ள எறங்கிப் பூட்டா. மூஞ்சிகூட பாக்கல. இங்க நிக்கிறவங்கள்ல அவளும் இருப்பா இல்ல?"

பாடியில் அவருக்குக் கம்பெனி வேலை. அதற்குப் பக்கத்து நிலையமான கொரட்டூரில் இறங்கும்போது, தன் இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டுத்தான் போவார்.

கல்யாணமாகி நானே திருநின்றவூருக்குக் குடிபோனேன். ஜன்னலோரமே இடம் கிடைத்தது. அவரைத்தான் காணவில்லை. மடியில் யார் யார் பைகளோ கனக்க, ஒவ்வொரு நிலையத்திலும் ஏறுகிறவர்களின் கைகளில் அந்த வயர்கூடையைத் தேடிக்கொண்டே போனேன்.