வாய்க்கால் புல்

எங்கள் வீட்டில் ஐந்து செம்மறிகள் இருந்தன. ஐந்தும் அம்மா வளர்த்தவை. கடலூரில் ஷேர் ஆட்டோ ஓட்டிய அப்பா அவற்றைக் கண்டாலே மூக்கைப் பிடித்துக்கொள்வார். உண்ணி பிடுங்குவது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காது மடலுக்குள் விரலை விட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவேன். நான்காம் வகுப்பிலேயே பாதி டாக்டர் என்று எனக்கு நினைப்பு. மழை பிடித்ததிலிருந்து எங்கள் ஊர்க் கிள்ளை வாய்க்கால் ஓரத்தில் பச்சைப்பசேலென்று நின்ற புல்லை அறுத்துவந்து போட்டதும் நான்தான். அவற்றில் சினையாக இருந்த ஒன்றுக்குக் கூடுதலாக ஒரு கை.

அந்தச் சினை ஆட்டுக்குத்தான் தாடைக்கடியில் பை தொங்குவதுபோல் வீங்கியது. உண்ணிக்கடி என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அம்மாவும் அதை நம்பி, சாயங்காலம் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டாள். காலையில் வீக்கம் போயே போச்சு! மேய்ந்துவிட்டு வந்தால் மறுபடி வீங்கும்; மறுபடி பற்று; விடிந்தால் வடிந்திருக்கும். இப்படியே பத்து நாள் ஓட்டினோம், பாவிகள். குனிந்து மேயும்போது தாடையில் நீர் இறங்கி, இரவில் தானாக வடிவது அந்த நோயின் குணம் என்று யாருக்குத் தெரியும்?

ஆடு எழுந்திருக்க முடியாமல் படுத்த பிறகுதான் அம்மா கால்நடை டாக்டருக்கு போன் போட்டாள். அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது.

"ரத்தமே இல்லம்மா. ஈரல்ல தட்டைப்புழு. நத்தை இருக்குற தண்ணி ஓரத்துப் புல்லுல ஒட்டிக்கிட்டு வரும். வாய்க்கா புல்லு யாரு போட்டது?"

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். அப்பாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"நான்தான் சார் அறுத்தாந்து போட்டேன்," என்றாள் அம்மா.

டாக்டர் எல்லாவற்றுக்கும் மருந்து ஊற்றினார். இரண்டுதான் பிழைத்தன. சினை ஆடு மறுநாளே வயிற்றுக் குட்டியோடு செத்துப்போனது. அதன் வயிற்றில் கையை வைத்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள், அழக்கூட இல்லை.

"அறிவு இருக்காடி உனக்கு? முழுங்கிட்டியே எல்லாத்தையும்!" என்று அப்பா அந்த மாதம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில்கூட விடாமல் திட்டினார். அம்மா அவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டே இருந்தாள்.

அம்மா வாய்க்கால் பக்கம் போனதே கிடையாது. துக்கத்தில் அவளுக்கு எல்லாம் மறந்துவிட்டது, பாவம் என்றுதான் நினைத்தேன். புல் அறுத்தது நான் என்று அவளுக்கு நினைவு வந்துவிடக் கூடாதே என்று பிள்ளையாரிடம் தினமும் வேண்டிக்கொண்டேன்.