காணி எழுதப் புறப்பட்ட வயிற்றுவலி

வயிற்றுவலிக்கு டொக்டர் சீ.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னதும், புற்றுநோய் என்று அவர் முடிவுகட்டிவிட்டார் என்றுதான் நம்பினேன். சாம்பல்தீவுக் காணியை யாருக்கு எழுதுவது என்று மனைவியிடம் கேட்டேன்.

“முதல்ல ஸ்கேனை எடுத்துக்கொண்டு வாங்கோ. காணி எங்கயும் ஓடாது,” என்றாள்.

ஸ்கேன் கட்டிலில் படுத்திருக்க, கையில் மருந்து ஏறியதும் இடுப்புக்குக் கீழே சூடு பரவியது. துறைமுக வேலையில் எல்லாரையும் பகிடி பண்ணிச் சிரிக்கிற நான், படம் எடுத்து முடிந்ததும் தாதியிடம் மெல்லச் சொன்னேன்: “தங்கச்சி, கட்டிலை நனைச்சுப்போட்டன்.”

“இல்லை அண்ணை. குடல் தெளிவாத் தெரியத்தான் அந்த மருந்து. ஏறேக்க அப்பிடித்தான் சுடும். முதலே சொன்னனான், நீங்கள் கந்தனைக் கும்பிட்டுக்கொண்டு கிடந்தனீங்கள்.”

தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

பின்னேரம் டொக்டர் படத்தைக் காட்டினார். பெருங்குடலில் ஓரிடம் கிருமி பட்டு வீங்கியிருந்தது. கட்டி எதுவும் இல்லை. கிருமிக்கு விழுங்கக் குளிசை தந்து வீட்டுக்கு அனுப்பினார்.