மூன்று மாதத்தில் ஓர்தொனான்ஸ்

போன கிழமை இருமலோடு மருந்துக்கடைக்குப் போனேன். உள்ளே நின்ற பெண் கையை நீட்டி, "ஓர்தொனான்ஸ்?" என்றாள். மருத்துவர் எழுதிய சீட்டைக் கேட்கிறாள், அவ்வளவுதான். பிரான்சில் அது உப்பு, புளி மாதிரி அன்றாடம் புழங்கும் சொல். எனக்கு மட்டும் அதைக் கேட்டால் வாய் கசந்துவிடும். மருந்துக்கடையின் அந்த யூக்கலிப்டஸ் மணத்திலேயே எனக்கு வேறொரு மணம் ஞாபகம் வந்தது. சாம்பிராணியும், சூடேறிய போட்டோகொப்பி இயந்திரமும், கீழ்க்கடையில் மிக்சர் பொரிக்கும் எண்ணெயும் கலந்த மணம் அது. பாரிசில் எங்கள் சனம் கூடும் லாசப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவில், ஒரு மாடிப்படி ஏறினால் வரும் மாஸ்டருடைய அலுவலகம்.

மாஸ்டர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவரல்ல. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையும் பையில் இரண்டு பேனாவும் இருந்தால் எங்கள் சனம் ஒருவரை மாஸ்டராக்கிவிடும். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களின் மேல்முறையீட்டை அவர்தான் எழுதுவார். கையெழுத்து ஒரு பிரெஞ்சு வழக்கறிஞருடையது. இந்த ஊரில் வழக்கறிஞரை 'மெத்ர்' என்று அழைப்பார்கள். அதற்கு வாத்தியார் என்றும் பொருளுண்டு. ஆக மேலே ஒரு வாத்தியார், கீழே ஒரு மாஸ்டர், இருவரில் ஒருவருக்கும் வேலை தெரியாது. மெத்ரை நேரில் கண்டவர்கள் குறைவு. நான் ஒருமுறை கண்டிருக்கிறேன். படியில் இறங்கிக்கொண்டிருந்தார், கையில் மாஸ்டர் கொடுத்த வடைப் பொட்டலம். அந்த வடையின் மேல் அவர் வைத்திருந்த கவனத்தில் பாதியை வழக்குக் கட்டுகளின் மேல் வைத்திருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள்.

இலங்கையில் யுத்தம் முடிந்து அடுத்த வருடம் அது. நானும் தயாளனும் ஓர் அறையில் இருந்தோம். அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒருவன் படுத்தால் மற்றவன் கட்டிலில் ஏறி நின்று உடுப்பு மாற்றவேண்டும். தயாளன் வன்னியிலிருந்து வந்தவன். மனைவியும் கைக்குழந்தையும் வவுனியாவில் முகாமில் இருந்தார்கள். அவனுக்கு இங்கே கார்ட், அதாவது வதிவிட அட்டை, கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம், கிடைக்காவிட்டால் இல்லை. முதல் விண்ணப்பத்துக்கு 'ரெஜே' என்று நிராகரிப்பு வந்துவிட்டது. மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம்தான் தவணை. சனம் ஒரே குரலில் மெத்ரைச் சொன்னது. அவனும் கடிதங்களைக் கொண்டுபோய் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்து, பிறகுதான் யோசிக்கத் தொடங்கினான்.

"நீ ஒருக்கா விசாரிச்சுச் சொல்லு. சனத்தின்ர கதையைக் கேட்டு எனக்குத் தலை சுத்துது" என்றான்.

என்னைக் கேட்டதற்குக் காரணம் என் பிரெஞ்சு. அப்போது நான் உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். சமையல்காரர் திட்டுவது முழுவதும் விளங்கும், திருப்பித் திட்டப் பாதிதான் வரும். எங்கள் அறையில் அது பண்டிதத் தரம்.

ஒரு வழக்கறிஞரின் பழைய வழக்குகளைத் தேடுவது எப்படி என்று எனக்கு யார் சொல்லித்தந்தார்கள்? லாசப்பல் முறைப்படி தேநீர்க்கடையில்தான் தொடங்கினேன். எல்லோருக்கும் மெத்ரைத் தெரியும், எல்லோரும் புகழ்ந்தார்கள். அவரால் கார்ட் கிடைத்த ஒருவரைக் காட்டுங்கள் என்றால், மருமகனுடைய சிநேகிதன், ஸ்ரஸ்பூர்க்கில் இருப்பவன், இப்போது கனடா போய்விட்டான் என்று ஆளாளுக்கு ஒரு ஆவியைக் காட்டினார்கள். உங்கள் தீர்ப்பை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டால் மட்டும் முகம் மாறும். நகைக்கடைப் பையில் சுற்றி, தலையணைக்குள் வைத்திருப்பார்கள். பெண்சாதிக்கும் காட்டமாட்டார்கள், மாஸ்டருக்கு மட்டும் காட்டுவார்கள். இப்படி ஆளை ஆள் நம்பாத சனம் இந்த ஆளை எப்படி நம்பியதென்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

எல்லோரும் சொன்ன பெருமை ஒன்றுதான். மற்ற வழக்கறிஞர்களிடம் போனால் இரண்டு வருடம் இழுபடும், நீதிமன்றத்தில் ஏறி இறங்கவேண்டும். மெத்ரிடம் போனால் மூன்று மாதத்தில் ஓர்தொனான்ஸ் வந்துவிடும். ஓர்தொனான்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும்தானே. மருத்துவர் எழுதுவது. அதைக் கொண்டுபோய் நீட்டினால் மருந்துக்கடைக்காரன் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தருவான். தாள் வந்தும் கார்ட் வராமல் போய்க் கேட்பவர்களுக்கு மாஸ்டர் ஒரு விளக்கமே வைத்திருந்தார்.

"டொக்டர் எழுதினா மருந்து. நீதவான் எழுதினா விசா. கொஞ்சம் பொறுங்கோ, அடுத்த கட்டம் இருக்கு."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இத்தனைக்கும் நான் பண்டிதன்.

ஆனாலும் எனக்குத் திங்கட்கிழமை விடுமுறை, போக வேறு இடமும் இல்லை. அகதி மேல்முறையீடுகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்குப் போனேன். யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு விசாரணை அறையின் கதவிலும் அன்றைய வழக்குகளை எழுதி ஒட்டியிருந்தார்கள். விண்ணப்பித்தவர் பெயர், பக்கத்தில் வழக்கறிஞர் பெயர். கோயில் வீதி சுற்றுகிறவன் மாதிரி ஒவ்வொரு கதவாகப் போய் விரல்வைத்து வாசித்தேன். எங்கள் ஆட்களின் நீண்ட பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் கண்டபோது ஒரு சந்தோஷம்கூட வந்தது. மெத்ருடைய பெயர் மட்டும் எந்தக் கதவிலும் இல்லை. அடுத்த திங்களும் போனேன். அன்றும் இல்லை. லாசப்பலில் பாதிப்பேருடைய வழக்கறிஞர், நீதிமன்றத்தில் ஒரு கதவிலும் இல்லை.

ஓரமாகக் கிடந்த வாங்கில் கறுப்பு அங்கியோடு ஒரு பெண் வழக்கறிஞர் அப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சுற்றுவதைப் பார்த்து யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். மெல்லுவதை நிறுத்தினார். அவருடைய ஆட்கள் இங்கே வருவதில்லை, அவர்களுக்கெல்லாம் ஓர்தொனான்ஸ்தான் என்றார்.

எனக்கு மகிழ்ச்சி. ஆமாம், மிக விரைவாக எடுத்துத் தருகிறாராம் என்று பெருமையோடு சொன்னேன்.

அவர் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மேல்முறையீட்டில் உருப்படியாக ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், நீதிபதி அந்த மனிதரைக் கூப்பிடாமல், முகத்தையும் பார்க்காமல், தாளிலேயே வழக்கை மூடிவிடலாம். அப்படி மூடுகிற தாளுக்குப் பெயர் ஓர்தொனான்ஸ்.

"மூடுவதென்றால், யாருக்குச் சாதகமாக?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் தன்னுடைய முகவரி அட்டையை எடுத்துத் தந்தார்.

அன்று பின்னேரமே தயாளனும் நானும் மாடிப்படி ஏறினோம். வழக்கம்போல நிறையப்பேர் காத்திருந்தார்கள். கட்டைத் திருப்பித் தாருங்கள் என்றதும் மாஸ்டர் என்னைத்தான் பார்த்தார். "தம்பி சட்டம் படிச்சனீரோ?" என்றார். இல்லை, உங்களுடைய மெத்ர் கடைசியாக எந்த அறையில் நின்று கதைத்தவர் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு முகம் கறுத்தது. ஆனால் சண்டைக்கு வந்தது அவரல்ல, காத்திருந்த சனம். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் வந்து குழப்புகிறானாம். நான் ஓர்தொனான்ஸ் என்றால் என்னவென்று உரத்துச் சொன்னேன். ஒரு வயதானவர் நகைக்கடைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எனக்கு அது வந்திட்டுது. எனக்கென்ன குறை?" என்றார். மற்றவர்கள் அவர் பக்கம் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். மனிதரில் அவ்வளவு கீழானவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கட்டை வாங்கித் திறந்து பார்த்தோம். மேல்முறையீடு ஒரு பக்கம். அதில் தயாளன் மட்டக்களப்பில் மீன் பிடித்தவனாம். கடலில் காலையே நனைக்காதவன் அவன்.

அங்கி போட்ட பெண் தவணை முடியுமுன் எல்லாவற்றையும் புதிதாக எழுதினார். ஒரு நிபந்தனைதான் வைத்தார்: நடந்ததை மட்டும் சொல்லவேண்டும், ஒரு சொல்லும் கூட்டக்கூடாது. வழக்கு நாளன்று நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். தயாளன் மூன்று நீதிபதிகளுக்கு முன்னால் இருந்து, பதுங்குகுழியை, தகப்பனைப் புதைக்காமல் விட்டுவந்ததை, தடுப்புமுகாமை, குரல் உயர்த்தாமல் சொன்னான். ஒரு நீதிபதி ஏதோ ஒன்றைக் கூட்டிச் சொல்லச் சந்தர்ப்பம் கொடுத்தபோதும், "இல்லை, அதை நான் காணேல்லை" என்றான். எனக்கு அவனை எழுந்துபோய்க் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. கார்ட் கிடைத்தது. மனைவியும் பிள்ளையும் வந்தார்கள். அவன் புறநகரான சார்செலுக்குப் போனான், நான் வேறு அறைக்குப் போனேன்.

மாஸ்டரும் வளர்ந்தார். கேஸ் எழுதுவதை விட்டுப் பிரமுகரானார். தேர் நாளில் ரூ பஜோலில் பட்டு வேட்டியோடு எல்லாப் படங்களிலும் விழுவார்.

தயாளனுடைய மகள் பெரியவளானதற்கு எடுத்த சாமத்திய வீடு சார்செலில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முகாமில் கைக்குழந்தையாக இருந்தவள், தாய் தமிழில் கேட்பதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டு மேடையில் இருந்தாள். முன்வரிசையில் மாஸ்டர். தயாளன் ஒலிவாங்கியைப் பிடித்து, இந்த நாட்டில் எனக்குக் கார்ட் கிடைக்கக் காரணமானவர் என்று சொல்லி அவருக்குப் பொன்னாடை போர்த்தினான். மாஸ்டர் தலையைக் குனிந்து, கூசாமல் வாங்கிக்கொண்டார். பிறகு தயாளன் என்னைச் சிலருக்கு அறிமுகப்படுத்தினான். முந்தி ஒரே அறையில் இருந்தோமாம், நான் நன்றாகச் சமைப்பேனாம்.

கை கழுவுமிடத்தில் தனியாகப் பிடித்து, ஏனடா இப்படி என்று கேட்டேன்.

"அவர் இப்ப நாலுபேருக்கு வேண்டிய ஆள். நீ கோவிக்க மாட்டாய்தானே" என்றான்.

கோபித்தேன். ஆனாலும் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். மாஸ்டர் மேல் எனக்கு எப்போதும் இருந்தது அருவருப்பு, அது புதிதல்ல. திரும்பி வரும் ரயிலில் தயாளன் மேலும் அதே அருவருப்பு வந்தபோதுதான் அழுகை வந்தது. மாடி அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது புருவம் திருத்துகிறார்கள். மெத்ர் எங்கே போனாரென்று யாருக்கும் தெரியாது, கேட்பாருமில்லை. போகட்டும். நீதிபதியே வாய்ப்புக் கொடுத்தும் ஒரு சொல் கூட்டிச் சொல்லாத அந்த மனிதனைத்தான் காணவில்லை.