கரை சேராத படகுகள் இல்லை

தக்சாயினிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் சன்னலோர இடம் கிடைத்தாலும், நெல்லியடி தாண்டுவதற்குள் இரண்டு தரம் எழும்பி இருப்பாள். அடுப்பில் சோறு கொதித்தால் மூடியைத் திறந்து திறந்து பார்த்து அதை வேகவிடமாட்டாள். "உவள் பிறக்கேக்கையும் அவசரப்பட்டுத்தான் வந்தவள்" என்று தாய் கமலாவதி சொல்லிச் சிரிப்பார். கடற்றொழில் செய்யும் அந்த வீட்டில் கணினி படித்த முதல் ஆள் அவள். பட்டணத்தில் ஓர் அலுவலகத்தில் பல வருடமாக சி ஷார்ப் என்ற மொழியில் நிரல் எழுதுகிறாள். கெட்டிக்காரி என்ற பெயரும் உண்டு. அந்தப் பெயர்தான் அவளுக்கு வினையாக வந்தது.

ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் முத்துக்குமாரு ஒருநாள் வீட்டுக்கு வந்தார். "பிள்ளை, கடலுக்குப் போனதிலை ஆர் வந்திட்டினம், ஆர் வரேல்லை எண்டு போனிலை பாக்க ஒண்டு செய்து தருவியோ?" என்று கேட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் தெருவில், கடலுக்குப் போனவரைப் பற்றி "வந்திட்டாரோ" என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்டால் வருகிறவருக்குத் தடங்கல் என்று பயம். விடிந்ததும் பெண்கள் மீன் வாங்கப் போகிறவர்கள் மாதிரிக் கரைப்பக்கம் போவார்கள். தங்கள் வீட்டுப் படகு நிற்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மீன் விலையைப் பார்த்து ஆண்கள் வேறு இறங்குதுறையில் போய் இறங்கும் நாட்களில் அந்தப் பார்வையும் உதவாது. போனில் தெரிந்தால் கேட்கவும் வேண்டாம், அலையவும் வேண்டாம். அண்ணன் செந்தூரனும் அதே கடலில் தொழில் செய்கிறவன் என்பதால் தக்சாயினி உடனே தலையாட்டிவிட்டாள்.

சங்கத்து ஆட்களிடம் இருந்த போன்களுக்கு ஜாவா மொழியில் எழுதுவதே தோது. சி ஷார்ப்பும் ஜாவாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. அதே அடைப்புகள், அதே அரைப்புள்ளிகள், வசனம் போகிற போக்கும் அதேதான். இதில் புதிதாகப் படிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். ஒரு புத்தகத்தைக்கூடப் புரட்டாமல் வேலையில் இறங்கினாள். அவள் எழுதிய எல்லாவற்றையும் கணினி மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. ஓரிடத்தில் மட்டும் மஞ்சள் கோடு ஒன்று விழுந்தது. சிவப்புக் கோடு என்றால் நிரல் ஓடாது. மஞ்சள் வெறும் எச்சரிக்கை, கணினியின் புறுபுறுப்பு. புறுபுறுப்புகளை அவள் எந்தக் காலத்தில் மதித்தாள்?

படகு புறப்படும்போது ஒருவர் போனில் "கடலில்" என்று அழுத்தவேண்டும். வந்து சேர்ந்ததும் "கரையில்". இரவில் பட்டியலைப் பார்த்துப் பெண்கள் நித்திரை கெடக்கூடாது என்பதற்காக, வெயில் ஏறிய பிறகே கரை சேராத படகுகள் தெரியும்படி வைத்திருந்தாள். நிரலுக்குள் தானே சில படகுகளின் நிலையை எழுதிச் சோதித்தாள். எல்லாம் பிசகில்லாமல் நடந்தது.

செயலி ஓடத் தொடங்கிய முதல் நாள், வெயில் ஏறியதும் பஸ்ஸில் இருந்தபடியே போனைத் திறந்தாள். "கரை சேராத படகுகள் இல்லை" என்று வந்தது. ஊரும் அதையேதான் பார்த்தது. பெண்கள் கரைப்பக்கம் போகவில்லை. முத்துக்குமாரு, "நல்ல வேலை பிள்ளை" என்று குரல்செய்தி அனுப்பியிருந்தார். அன்றைக்கு மட்டும் அவள் பட்டணம் வரும்வரை எழும்பாமல் இருந்தாள்.

அலுவலகத்தில் பக்கத்து மேசை கீர்த்திகனுடையது. இணுவில்காரன், ஜாவாவிலேயே வேலை செய்பவன். அவனிடம் பெருமையாக நிரலைத் திறந்து காட்டினாள். அவன் பார்வை மஞ்சள் கோட்டில் போய் நின்றது.

"அக்கா, உதென்ன? சொல்லுகளை இரட்டைச் சமன்குறி போட்டு ஒப்பிட்டிருக்கிறியள்."

"வேறை எப்பிடி ஒப்பிடுறது?"

"சி ஷார்ப்பிலை அது எழுத்தெல்லாம் ஒண்டோ எண்டு பாக்கும். ஜாவாவிலை ரெண்டும் ஒரே இடத்திலை இருக்கிற ஒரே சொல்லோ எண்டுதான் பாக்கும். எழுத்து அச்சொட்டா இருந்தாலும், வெளியிலை இருந்து வந்த சொல்லெண்டால் இல்லையெண்டு சொல்லிப்போடும்."

"நான் சோதிச்சுப் பாத்தனான்."

"நீங்கள் நிரலுக்கை எழுதின சொல்லை வைச்சுத்தானே? அதை ஜாவா ஒரே சொல்லா எடுத்து வைச்சிருக்கும், அதாலை சரிவந்திருக்கும். போனிலை இருந்து வாறது அப்பிடியில்லை."

தக்சாயினிக்கு விளங்கிவிட்டது. செயலி ஒவ்வொரு படகாக எடுத்து, இதன் நிலை "கடலில்" தானா என்று பார்க்கும். ஆம் என்றால் பட்டியலில் சேர்க்கும். ஒரு படகுக்கும் ஆம் என்று வந்திருக்காது. எத்தனை படகு கடலில் நின்றாலும் பட்டியல் வெறுமையாகவே இருந்திருக்கும். அந்த ஒரு வரியை மாற்றி ஓடவிட்டாள். திரையில் ஒரே ஒரு படகு வந்தது. செந்தூரனின் படகு.

வந்து சேர்ந்தும் "கரையில்" என்று அழுத்த மறந்திருக்கலாம். கேட்டால்தான் தெரியும். தாய்க்கு எடுத்தாள்.

"அம்மா, அண்ணை வந்திட்டாரோ?"



"என்ன கேள்வி பிள்ளை கேக்கிறாய்?" என்றார் கமலாவதி. "எல்லாரும் வந்திட்டினம் எண்டு உன்ரை போன்தானே சொன்னது. அவன் வேறை துறையிலை இறங்கியிருப்பான் எண்டு நான் பேசாமல் இருக்கிறன்."

அடுத்ததாக முத்துக்குமாருவுக்கு எடுத்தாள். "மாமா, செயலி பிழை. அண்ணை இன்னும் கடலிலைதான் போலை கிடக்கு. படகுகளை விடுங்கோ." அவர் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. ஆட்களைக் கூப்பிட்டபடியே போனை வைத்தார்.

திரும்பிப் போன பஸ்ஸில் பாதி இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே போனாள். சாரதி ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஆள் ஏற்றும்போது அவரைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது.

எஞ்சின் பழுதாகி நீரோட்டத்தோடு வடக்கே போய்க்கொண்டிருந்த செந்தூரனையும் கூட்டாளியையும் மத்தியானம் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அவன் உதடு வெடித்திருந்தது. கரையில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தான். தங்கையைப் பார்த்ததும் தானாகவே கதைத்தான்.

"எஞ்சின் நிண்டதுக்கு நான் பயப்பிடேல்லை. விடிய வரேல்லையெண்டால் தேடி வருவினம் எண்டு தெரியும். வெயில் ஏறியும் ஒரு படகையும் காணேல்லை. நான் வராதது ஒருத்தருக்கும் தெரியேல்லையோ எண்டு அப்பதான் பயம் வந்தது."

அவளுக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"நான்தான் அண்ணை. எல்லாரும் வந்திட்டினம் எண்டு ஊருக்கே சொல்லிப்போட்டன்."

செந்தூரன் கோப்பையை மணலில் வைத்தான். ஏசுவான் என்று காத்திருந்தாள். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது.

"இப்ப திருத்திப்போட்டியோ?"

"ஓம்."

"வடிவாப் பாத்தியோ?"

அதற்கும் ஓம் சொல்ல வாயெடுத்தாள். அவசரத்தில் மாற்றிய அந்த வரியை ஒரு தரம்தான் ஓடவிட்டிருந்தாள் என்பது நினைவு வந்தது.

"இன்னொருக்காப் பார் பிள்ளை," என்றான். "எஞ்சின் சரிவந்தால் நான் நாளைக்கும் போகோணும்."