ஒரே ஒரு நோயாளிக்கான பயம்

ஆலங்குடா ஊர் யூஜீனியா, ஆஸ்பத்திரித் தாதி வேலையை விட்டு, வீடுகளுக்குப் போய் நோயாளி பார்க்கத் தொடங்கியபோது, "வாட்டில் நிற்கப் பஞ்சி, சோம்பல்" என்று சொந்தக்காரர்களே கதைத்தார்கள். கதைத்தவர்களில் ஒருவர்கூட ஒரு நாளாவது வாட்டில் நின்றதில்லை. அவள் விட்டது பயத்தில். காலையில் கட்டில் கட்டிலாக ஊசி போட்டுக்கொண்டு போவாள். யார் சாப்பிட்டார், யார் தட்டை அப்படியே மூடி வைத்தார் என்று பார்க்க நேரமிருக்காது. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வரும். கண் முன்னே ஒரே ஒரு நோயாளி என்றால் இந்தப் பயம் ஒழியும் என்று நம்பினாள், பாவம்.

கற்பிட்டி ஜபார் நானாவுக்குச் சீனி வருத்தம், காலில் ஆறாத புண். காலையில் இன்சுலின் ஊசி போட்டு, புண்ணுக்கு மருந்து கட்டுவது அவள் வேலை. வெறும் வயிற்றில் அந்த ஊசி ஏறினால் சீனி ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து. நோன்பு மாதம் பிறந்ததும், நோன்பு பிடிக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். பள்ளிவாசல் மௌலவியும் அதையே சொன்னார். நானா இருவருக்கும் தலையாட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஊசிக்கு முன் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா நானா?"

"ஓம் மிஸ்ஸி. பாணும் பருப்பும்."

கட்டிலருகே கறி பட்ட தட்டும் இருந்தது. ஊசியைப் போட்டுவிட்டுக் காலுக்கு மருந்து கட்ட உட்கார்ந்தாள். கட்டி முடிவதற்குள் கையிலிருந்த கால் குளிர்ந்து வியர்த்தது. நிமிர்ந்தாள். நானாவின் உதடு நடுங்கியது. அவளையே யாரென்று கேட்டார்.

"ராத்தா! இவர் சாப்பிட்டவரா?"

அவர் மனைவி ஹிதாயா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நோன்பு மிஸ்ஸி. வெள்ளிக்கிழம, ஒண்டு மட்டும் புடிக்கிறேண்டாரு. சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினாரு. தட்டுல கறியத் தடவினதும் அவருதான்."

"சீனித்தண்ணி கொண்டு வாங்க!"

ஹிதாயா அசையவில்லை. நோன்பை முறிக்கிற கை தன்னுடையதாகிவிடுமோ என்று பயந்தாள். யூஜீனியாவுக்கும் பயம் இரட்டித்தது: வேதக்காரி, கிறிஸ்தவப் பெண் ஒருத்தி நோன்பாளியின் வாயில் தண்ணீர் ஊற்றினாள் என்று நாளைக்கு ஊர் சொன்னால்? சொல்லட்டும் என்று குசினிக்கு ஓடிச் சீனியைக் கரைத்து வந்தாள். கோப்பையை நீட்டியபோது நானா பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"வாயத் திறங்க நானா, கும்பிட்டுக் கேக்கிறன். மௌத்தாப் போயிடுவீங்க!"

திறந்தார். மடக்கு மடக்காக விழுங்கினார். கொஞ்சத்தில் முகம் தெளிந்தது. தெளிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிச் சின்னப் பிள்ளை போல அழுதார்.

மறுநாள் அங்கே போக அவளுக்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனாள்.

"கதவச் சாத்துங்க" என்றார் நானா. தெருவுக்குத் தெரியாமல் பாணைப் பிய்த்து வாயில் வைத்தார். அவரை நம்ப அவளுக்குத் துணிவில்லை. எதிரே கதிரையைப் போட்டு, கடைசி வாய் தொண்டையில் இறங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தாள்.

அந்தக் கிழமை, பழைய வாட்டில் கூட வேலை செய்த டயனா நடந்ததைக் கேள்விப்பட்டு அவளுக்குப் போன் எடுத்தாள். "இங்க ஆக்கள் காணாது அக்கா. திரும்பி வாங்களேன். அங்கயும் பயந்துதானே சாகிறீங்க?"

"ஓம், பயந்தான்" என்றாள் யூஜீனியா. "ஆனா இங்க, அவர் விழுங்குறத நான் இருந்து பாக்கலாம்."