ஒற்றை நட்சத்திரக் கீபோர்டு

அந்தக் குளிர்காலம் முழுக்க ஸ்பாஸ் ஒரே ஒரு வேலைதான் செய்தார். முன்பின் தெரியாத ஜனங்கள் தாங்கள் வாங்கிய கீபோர்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துக்கொண்டிருந்தார். நான் எதிர்வீட்டுக்காரி, ஸ்தாங்கா. ஒரு கதவு திறந்து கிடந்தால் எட்டிப் பார்க்காமல் தாண்டிப் போக எனக்குக் கால் வராது. எட்டிப் பார்த்தபோதெல்லாம் மனிதர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு கணினித் திரைக்குள் தலையை விட்டிருந்தார்.

"என்னடி இது, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறாரு?" என்று அவர் மனைவி வெனெதாவிடம் கேட்டேன்.

"ஒயர்லெஸ் கீபோர்டு வாங்கப் போறாராம். கூட மவுஸும் வருதாம். வாங்கினவங்க எல்லாரும் என்ன சொல்றாங்கன்னு விசாரிக்கிறாரு. கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்தி இதுல பாதி விசாரிச்சிருந்தா நான் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பேன்!"

ஸ்பாஸ் ரூஸேயிலிருந்து சிலிஸ்த்ராவுக்குப் போகும் பேருந்தை ஆயுசில் பாதி ஓட்டியவர். கை வண்டியை ஓட்டும், வாய் ஊரை ஓட்டும். ஏறுகிறவர் மூட்டையைப் பார்த்து ஒரு வார்த்தை, இறங்குகிறவர் தொப்பியைப் பார்த்து ஒரு வார்த்தை. வெனெதாவே அந்தப் பேருந்தில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று அவரோடு சண்டை போட்டவள்தான். சண்டை சிலிஸ்த்ராவில் முடியவில்லை, கல்யாணத்தில் முடிந்தது. சரியாகச் சொன்னால் அதற்குப் பிறகும் முடியவில்லை.

போன இலையுதிர்காலத்தில் அவர் தொண்டையில் கட்டி என்றார்கள். உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள், எடுத்துவிட்டார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசும் கருவி ஒன்றும் கொடுத்தார்கள். அதில் வந்த குரலைக் கேட்டு அவரே முகம் சுளித்து, அதை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார். உயிரோடு இருக்கிறாரே, அது போதும் என்று ஊரெல்லாம் சொன்னது. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும். யாருக்குப் போதும்?

வியாழக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் நான்கு பேர் அவர் வீட்டில் பெலோத் என்ற சீட்டாட்டம் ஆடுவோம். நானும் ஸ்பாஸும் ஒரு ஜோடி. வெனெதாவும் கீழ்வீட்டுக் குழாய் ரிப்பேர்க்காரர் தோப்ரியும் இன்னொரு ஜோடி. சீட்டு கையில் இருக்கும்போது ஆட்டத்தைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது, விட்டால் ஜோடிக்குச் சைகை காட்டியதாக ஆகிவிடும். ஆகவே கேலி, ஏச்சு, பழிவாங்கல் எல்லாம் ஒரு கை முடிந்து சீட்டைக் கலைத்து மறுபடி போடுவதற்குள் முடிந்துவிட வேண்டும். அந்தச் சின்ன இடைவெளிக்காகத்தான் நாங்கள் ஆடுவதே. ஏலம் கேட்க விரல் போதும். கேலிக்கு விரல் போதுமா?

முதலில் ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டினார். தோப்ரி அதை வாங்கி, ஏதோ கோர்ட்டு உத்தரவு மாதிரி உரக்க வாசிப்பார். அந்த வாசிப்பில் எந்தக் கேலியும் செத்துவிடும். பிறகு வர்ணாவிலிருந்து வந்த மகன், கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துக் கொடுத்தான். அடித்தால் எழுத்து பெரிது பெரிதாகத் திரையில் வந்தது. ஆனால் கீபோர்டின் ஒயர் மேசை வரைக்கும் எட்டவில்லை. சீட்டு ஆட மேசைக்கு வருவார், பேச எழுந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் முக்காலியில் போய் உட்காருவார். அவர் உட்கார்ந்து அடிப்பதற்குள் நாங்கள் அடுத்த கையை ஆரம்பித்திருப்போம். அதனால்தான் ஒயர் இல்லாதது தேவைப்பட்டது.

ஒருநாள் நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரோடு சேர்ந்து படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பொழுதுபோக்கு. ப்ளெவெனிலிருந்து ஒருத்தி, தன் திரைச்சீலை நிறத்துக்கு ஒத்துப்போகிறது என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தாள். ஒருவர், பெட்டி அடிபடாமல் வந்தது, இன்னும் பிரிக்கவில்லை, அருமை என்று எழுதியிருந்தார். இன்னொருவர், கணினியில் செருகும் குட்டிச் சாதனத்தை வைக்காமல் அனுப்பிவிட்டார்கள், திருட்டுப் பயல்கள் என்று திட்டியிருந்தார். அதன் கீழேயே யாரோ, மவுஸின் வயிற்றைத் திறந்து பாருங்கள், பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் என்று பதில் போட்டிருந்தார். கணினி விளையாட்டுப் பைத்தியம் ஒருவன், கண் சிமிட்டும் நேரம் தாமதிக்கிறது, அதற்குள் என்னைச் சுட்டுவிட்டார்கள் என்று புலம்பியிருந்தான்.

ஸ்பாஸ் அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "இதுல ஒரு கேலி அடிச்சா நேரத்துக்குப் போய்ச் சேருமா?"

"அது என்ன கேம் தாத்தா?" என்று பதில் வந்திருந்தது.

கடைசியில் எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒன்றைத்தான் வாங்கினார். தொட்டால் சத்தமே கேட்காதாம். பக்கத்தில் குழந்தை தூங்கினாலும் எழுந்துகொள்ளாதாம். வந்த அன்றைக்கு மவுஸின் வயிற்றைத் தானே திறந்து அந்தக் குட்டிச் சாதனத்தை எடுத்துக் காட்டி, ஏதோ ஆபரேஷன் செய்த டாக்டர் மாதிரி எங்களைப் பார்த்தார்.

வியாழன் வந்தது. தக்காளி, வெள்ளரிக்காய் மேல் வெனெதா வெள்ளைப் பாலாடைக்கட்டியைத் துருவிக் கொட்டினாள். பழச்சாராயம், ரக்கியா, ஊற்றினோம். ஸ்பாஸ் மேசையில் தன் பழைய இடத்தில், கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தார். முதல் கையில் தோப்ரி மட்டமாகத் தோற்றார். தோற்றவுடன் தன் சம்பந்தி வீட்டுக் குழாய்ச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார். வெனெதா குறுக்கே பேசினாள். நான் சிரித்தேன். அடுத்த கைக்குச் சீட்டைப் போட்டுக்கூட ஆகிவிட்டது. அப்போதுதான் தற்செயலாகத் திரையைப் பார்த்தேன்.

"தோப்ரி, நீ குழாயைத்தான் ஒழுக விடுறேன்னு பாத்தா சீட்டையும் ஒழுக விடுறே" என்று அங்கே எழுதியிருந்தது. எப்போது வந்ததோ தெரியாது. நான் சத்தம் போட்டு வாசித்தேன்.

"ஓஹோ, நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றார் தோப்ரி, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சாயங்காலம் முழுக்க அப்படியே போயிற்று. ஸ்பாஸின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஒரு சின்னச் சத்தமும் இல்லை. அவர் பேச ஆரம்பித்ததும் தெரியவில்லை, முடித்ததும் தெரியவில்லை. மனிதர்கள் பேசுகிற மேசையில் எல்லாருக்கும் ஆளை மாற்றி ஆளைப் பார்க்கத்தான் தெரியும், சுவரைப் பார்க்கவா தோன்றும்? பின்பு ரொட்டி எடுக்க எழுந்த வெனெதா திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அடுத்த வாரத்துலேருந்து நாலாவது ஆளா வேற யாரையாவது சேத்துக்குங்க. நான் உள்ளே படுத்துக்கிறேன்."

அதைக்கூட நாங்கள் யாரும் பார்த்திருக்கவில்லை. தோப்ரி கிளாஸைக் கீழே வைத்தார். ஸ்பாஸ் கீபோர்டை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டு மூன்று நாள் அந்தக் கதவு சாத்தியே கிடந்தது. பிறகு ஒரு காலையில் அவரே வந்து என் வீட்டுக் கதவைக் கையால் டமடமவென்று தட்டினார். சட்டையைப் பிடிக்காத குறையாக என்னை இழுத்துக்கொண்டு போய்க் கணினிக்கு முன்னால் நிறுத்தினார். திரையில் வேறொரு கீபோர்டு. அசிங்கமாக, தடிமனாக இருந்தது. கீழே வேறொரு ஊர்ப் பெண்மணி ஒருத்தி எழுதியிருந்தாள்.

"தகரக் கூரையில ஆலங்கட்டி மழை பேஞ்ச மாதிரி சத்தம். என் வீட்டுக்காரர் அடிக்க ஆரம்பிச்சா வீட்ல அத்தனை பேரும் பேச்சை நிறுத்தி அவரையே பாக்கறோம். நாய்கூடத் தலையைத் தூக்குது. யாரும் வாங்காதீங்க." ஒரே ஒரு நட்சத்திரம்.

ஸ்பாஸ் அந்த வரியின்மேல் விரலை வைத்துத் திரையே உடையும்படி தட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. நான் அவர் தலையைப் பிடித்து உச்சியில் ஒரு முத்தம் கொடுத்தேன். வெனெதா சமையலறையிலிருந்து, "என்ன நடக்குது அங்கே?" என்றாள்.

அடுத்த வியாழன். அந்தத் தடிக் கீபோர்டு ஸ்பாஸின் மடிக்கு வந்திருந்தது. தோப்ரி வழக்கம்போலப் பேச்சிலேயே சம்பந்தி வீட்டுக்குள் நுழைந்து குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். சடசடசடவென்று ஒரு சத்தம். அவர் வாய் திறந்தபடியே நின்றது. வெனெதாவின் கை தட்டுக்கு மேலே நின்றது. மூன்று பேரும் ஸ்பாஸைப் பார்த்தோம். திரையை இல்லை, அவரை. அவர் அவசரப்படவே இல்லை. அடித்துக்கொண்டே இருந்தார், நாங்கள் காத்துக்கொண்டே இருந்தோம். அப்புறம்தான் திரையைப் பார்த்தோம். அங்கே தலையும் காலும் இல்லாத எழுத்துக் குப்பை. அதன் கீழே ஒரு வரி வந்தது.

"ஒண்ணுமில்ல. நிறுத்துறீங்களான்னு பாத்தேன்."

தோப்ரி மேசையைத் தட்டிச் சிரித்தார். ஸ்பாஸ் சத்தமில்லாமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த மனிதரை யாரால் பிடிக்க முடியும்? தோப்ரியின் சட்டை, தோப்ரியின் சம்பந்தி, தோப்ரி போட்ட சீட்டு, ஒன்றையும் விடவில்லை. பழைய வேகம் வந்துவிட்டது, கூடவே பழைய அடாவடியும். கடைசிக் கையில், எல்லாருடைய சீட்டும் இன்னும் கையில் இருக்கும்போதே, தோப்ரி எதைப் போடலாம் என்று விழித்துக்கொண்டிருக்கும்போதே, சடசடவென்று ஆரம்பித்துவிட்டார்.

"யோவ் ஸ்பாஸ்!" என்று தோப்ரி கத்தினார். "ஆட்டத்துக்கு நடுவுல என்னய்யா பேச்சு? கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருய்யா!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. காது வரைக்கும் சிவந்துவிட்டார். வெனெதா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஸ்பாஸ் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்தார். ரக்கியா கிளாஸைத் தூக்கி, தோப்ரியின் கண்ணை நேராகப் பார்த்தபடி, அவர் கிளாஸில் ஒரு இடி இடித்தார். பிறகு நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டு, தன் முறை வரும்வரை காத்திருந்தார்.